பதினோராம் ரூமின் கூரை

சங்கையா கொத்தனார் போட்ட தளம் ஒழுகியது என்று ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் சொல்ல முடியாது. கம்பியில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார். வீட்டுக்காரர் சிமெண்டைக் குறைக்கச் சொன்னால், "அப்ப வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பேர் வாங்கியிருந்தார். ஆனாலும் மேல்தளம் போடுவதென்றால் அவருக்காக மாசக்கணக்கில் காத்துக்கிடக்கிறவர்கள் உண்டு. வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஏழு, ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சத்தம் கேட்டது. இந்தப் பக்கத்தில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை, எங்கே என்றுதான் கேட்பார்கள். சங்கையா சாரத்தில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். மேற்கே, கரிசக்காட்டுக்கு நடுவில் புகை எழும்பியது. அங்கே அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியில் பதினோராம் ரூமில் அவர் மனைவி வேலுத்தாய் பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். மகள் இசைவாணி அதே கம்பெனியின் கடைசியில், பேக்கிங் கொட்டகையில் பெட்டி ஒட்டினாள்.

கரண்டியில் இருந்த கலவையைச் சுவரில் அடித்து, கட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் சங்கையா கீழே இறங்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது இசைவாணி வேலி ஓரத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டினாள். பட்டாசுக் கம்பெனியில் ரூம் என்றால் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒற்றைக் கட்டடம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நிறைய இடம் விட்டு, காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டியிருப்பார்கள். பதினோராம் ரூமின் சுவர்கள் நாலு பக்கமும் வெளியே சரிந்து கிடந்தன. கூரை மட்டும் உடையாமல் ஒரே பலகையாகத் தரையில் படிந்திருந்தது. அதற்கு அடியில் நாலு பேர்.

ஜேசிபி வர முக்கால் மணி நேரம் ஆனது. அது ஒரு ஓரத்தைக் கவ்வித் தூக்கியபோது தளத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. சென்ட்ரிங் பலகையின் அச்சு அப்படியே இருந்தது. ஓரத்தில் கம்பிகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக, பிசகாமல் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு தூக்கிப் போட்டும் நடுவில் ஒரு விரிசல் இல்லை. நல்ல கலவை, என்று நினைத்தார் சங்கையா.

அதை நினைத்து முடித்த பிறகுதான் வேலுத்தாயின் சேலை அவர் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி நடந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். மொட்டை அடிக்கத் தலையைக் குனியச் சொன்னார்கள், குனிந்தார். இலையில் வைத்ததைச் சாப்பிட்டார். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது அவர் கண் மேலே விட்டத்தில் இருந்தது. "மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள். கல்லாவது வெயிலுக்குச் சூடாகும். இவருக்கு அதுகூட இல்லை. அழுகை வராததில் அவருக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அந்தக் கூரையை அவர் போட்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பட்டாசு ரூமுக்குள் மின்சாரம் கிடையாது, அதனால் மின்விசிறியும் கிடையாது. மேலே சிமெண்டு ஷீட். சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பது என்ன பாடு என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் வேலுத்தாய் வீட்டுக்கு வந்து, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் துடைத்தபடியே சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் காங்கிரீட்டுப் போடுறீக. எங்க ரூமுக்கு ஒண்ணு போட்டா கொறஞ்சா போயிருவீக? மண்டைக்குள்ள சோறு வேகுது."

"என் வீடாடி அது?"

"உம்ம பொண்டாட்டி இருக்குற எடம்தான?"

அவள் கேட்டதில் விளையாட்டு பாதி. ஆனால் சங்கையாவுக்கு அது மனசில் தங்கிவிட்டது. அந்த ஐப்பசியில் மழை பிடித்து, ஷீட் ஒழுகி, மருந்து நமுத்துப்போனதும் போர்மேன் முனியசாமி அவரைக் கூப்பிட்டு அனுப்பினான். ஷீட்டை மாற்ற வேண்டும் என்றான். சங்கையா நேரே முதலாளியிடம் போய், ஷீட்டை மாற்றினால் அடுத்த வருஷம் மறுபடியும் ஒழுகும், தளம் போட்டு மேலே தட்டு ஓடு பதித்துவிட்டால் இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை, உள்ளேயும் குளிர்ச்சியாக இருக்கும் என்றார். அய்யாதுரை கொஞ்சம் யோசித்தார்.

"பிளான்ல ஷீட்டுன்னுல்லாய்யா இருக்கு" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். "சரி, தளத்தப் போட்டுட்டு மேலாப்புல பழைய ஷீட்ட மாட்டிரு. வெளியே நின்னு பாத்தா ஷீட்டுத்தான். எந்த அதிகாரி மருந்து ரூமுக்குள்ள வந்து அண்ணாந்து பாக்கப் போறாரு?"

சங்கையா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். அவருக்குத் தெரிந்த கட்டடக் கணக்கு பஞ்சாயத்து கிளார்க்கின் நோட்டில் இருக்கிற கணக்குதான். அதில் வீடுகள் மூன்று ஜாதி. கூரை வீடு, ஓட்டு வீடு, தளம் போட்ட தார்சு வீடு. கூரைக்கு வரி கம்மி, தார்சுக்கு வரி ஜாஸ்தி. கிளார்க் வருகிற அன்றைக்குத் தார்சு வீட்டு முகப்பில் நாலு கீற்றுத் தட்டியைச் சாத்திவைத்து வரியைக் குறைத்தவர்கள் ஊரில் உண்டு. அப்படித் தட்டி கட்டிக்கொடுத்தவர் சங்கையாதான். முதலாளியும் அந்த ரகம் என்று எடுத்துக்கொண்டார். பணக்காரனுக்குப் பணக்காரப் புத்தி என்று சிரித்துக்கொண்டதும் உண்டு.

ஆறு ரூமுக்குத் தளம் போட்டார். பதினொன்றுக்குப் போட்டபோது மட்டும் இரண்டு மூட்டை சிமெண்டு கூடப் போனது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் போட்ட அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இறுகாது. அந்தத் தண்ணீரை யார் ஊற்றினார்கள் என்றால், வேலுத்தாய்தான். பதினாலு நாள், சாப்பாட்டு நேரத்தில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி ஊற்றினாள். ஷீட் மாட்டி, உள்ளே வெள்ளை அடித்து வேலை தொடங்கியதும் பக்கத்து ரூம்காரிகள் எல்லாரும் சாப்பிடப் பதினோராம் ரூமுக்குத்தான் வந்தார்கள். "எங்க வீட்டுக்காரரு போட்ட கூர" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

வெடித்த பத்தாம் நாள் முனியசாமி வீட்டுக்கு வந்தான். வயதில் சின்னவன், தூரத்துச் சொந்தம். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுச் சொன்னான்.

"சங்கையாண்ணே, அந்த ரூம அளந்துட்டுப் போக சர்க்கார் இன்ஜினியர் வாராரு. டேப் பிடிக்க ஆள் வேணும். கட்டுன கொத்தனாரு இருந்தா நல்லதுன்னு முதலாளி சொன்னாக."

"வாரேன்."

"கூர என்ன கூரன்னு கேட்டா, ஷீட்டுன்னு மட்டும் சொல்லுங்க. பிளான்ல அப்பிடித்தான இருக்கு. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லப் போறாக. தீவாளி சீசன் இது. நாலு நாள்ல கம்பெனியத் தொறந்தாத்தான் எல்லாருக்கும் கஞ்சி."

"சரி" என்றார் சங்கையா. வரி விஷயம் என்றுதான் அப்போதும் நினைத்தார். செத்தவள் செத்துவிட்டாள், ஷீட் என்று சொன்னால் என்ன, ஓலை என்று சொன்னால் என்ன.

இடத்தைச் சுத்தம் பண்ணியிருந்தார்கள். தளத்தை உடைத்து லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் சிமெண்டு ஷீட்டை உடைத்துச் சுற்றிலும் இறைத்திருந்தார்கள். பாசிகூடப் பிடிக்காத புது ஷீட். கொத்தனார் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. இன்ஜினியர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயர் அன்பரசன், முப்பது வயசுக்குள் இருக்கும், தொப்பி போட்டிருந்தார். ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

முனியசாமி, "இவருதான் சார் நம்ம கொத்தனாரு. ஷீட்டு மாட்டுனவரு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றான். இவர் மனைவியும் அதில் இருந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

இருவரும் டேப்பைப் பிடித்து அளந்தார்கள். அன்பரசன் அட்டையில் செருகிய ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். நீளம், அகலம், சுவர்க் கனம், வாசல் எத்தனை. ஓர் இடத்தில் பேனா நின்றது. கட்டுமான வகை என்று இருந்தது.

"இது என்ன சார், பஞ்சாயத்து மாதிரி வகை வகையா?" என்று சங்கையா கேட்டார். பத்து நாளில் அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். தொழில்மேல் இருந்த ஆர்வம் மட்டும் செத்துப்போகவில்லை போலிருக்கிறது.

அன்பரசனுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும் என்று தெரிந்தது. "பஞ்சாயத்துல வரிக்காகப் பிரிப்பாங்க. எங்க விதியில தீக்காகப் பிரிக்கிறோம். தீப்பிடிச்சா ஒரு கட்டடம் எத்தன மணி நேரம் நிக்கும்கறதுதான் கணக்கு. நாலு வகை. முதல் வகைன்னா தூணு, தளம், சுவர் எல்லாம் கெட்டி. நாலாவது வகை சீக்கிரம் விழுந்துரும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆள் குடியிருக்கற எடம், இதுக்கெல்லாம் கட்டடம் எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவு நல்லது. ஆள் வெளிய ஓட நேரம் கெடைக்கும்."

"ஆமா சார். கெட்டியா இருந்தாத்தான நல்லது."

"மருந்து ரூமுக்கு அது ஆகாது. இங்க தீ நின்னு எரியப் போறதில்ல, ஒரு நொடியில வெடிச்சிரும். வெடிச்சா அந்த அழுத்தம் எங்கயாவது போயாகணும். அதனாலதான் கூரையை மட்டும் வேணும்னே லேசா வைக்கச் சொல்றது. ஷீட்டா இருந்தா மொத வேலையா அது பிச்சுக்கிட்டு மேல போயிரும், கூடவே அழுத்தமும் போயிரும். கனமான தளமா இருந்தா அழுத்தம் உள்ளயே அடிச்சு, சுவரத் தள்ளி, அப்புறம் தளம் அப்படியே உள்ள இருக்கறவங்க மேல உக்காந்துரும்." தன் உள்ளங்கையை மற்றொரு உள்ளங்கைமேல் வைத்துக் காட்டினார். "கட்டடம் பலவீனமா இருக்கணும்னு சட்டம் சொல்ற எடம் இது ஒண்ணுதான்னு எங்க வாத்தியார் சொல்வாரு."

சங்கையா டேப்பின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அப்ப இதுல ஷீட்டா இருந்து வெடிச்சிருந்தா?" என்றார்.

"இதுல ஷீட்டுதான்னு சொன்னாங்களே" என்று அன்பரசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அளவான குரலில் சொன்னார். "வெடிச்ச மருந்து ரொம்ப இல்ல. உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டு பேராவது பொழச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன்."

டேப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு சங்கையா வீட்டுக்கு நடந்தே போனார். ஐந்து மைல். வேன் வந்து நின்றது, ஏறவில்லை. காலில் செருப்பு அறுந்ததும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இசைவாணி அதைப் பார்த்துவிட்டு, "எப்பா, கால்ல ரத்தம்" என்றாள். அவர் காலைப் பார்த்தார். ரத்தம் இருந்தது. வலி இல்லை.

அன்றிலிருந்து அவருக்குள் அந்த ஒரு கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலில் ரெண்டு. வாசலை ஒட்டி உட்காருகிறவள் வேலுத்தாய். காற்று வரும் என்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவள். அந்த ரெண்டில் அவள் இருந்திருப்பாளா? மகளிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார். அம்மா உயிரோடு இருந்தபோது, "அப்பா போட்ட கூர" என்று அம்மாவுக்கு ஈடாகப் பீற்றிக்கொண்டவள் அவள். எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால்தான் என்ன? ஷீட் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்ஜினியர் போய்விடுவார், கம்பெனி திறந்துவிடும். மிச்சம் ஐந்து ரூம்களின் கூரை ஷீட்டுக்கு அடியில் சத்தம் காட்டாமல் கிடக்கும்.

அந்த ஐந்தையும் அவர் நினைக்காமல் இல்லை. நினைத்தார். ஆனால் அந்த நினைப்புக்குக் கையும் காலும் இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை சூலக்கரையில் விசாரணை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு அறை. சங்கையா தனியாகப் போனால் எங்கேயாவது இறங்கி எங்கேயாவது நின்றுவிடுவார் என்று இசைவாணியும் கூட வந்தாள். வராந்தாவில் முனியசாமி ஏற்கெனவே நின்றிருந்தான். இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். "மறந்துராதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

இசைவாணி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "எப்பா, கம்பெனி தொறந்ததும் நான் பெட்டி ஒட்டப் போகல. மருந்து செலுத்தப் போறேன். அம்மாவும் இல்ல, பெட்டிக் கூலி நமக்குக் காணாது. முனியசாமி மாமாட்ட கேட்டுட்டேன்."

சங்கையா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முனியசாமியைப் பார்த்தார்.

"ஏழாம் ரூம்ல எடம் இருக்காம். நல்ல வேளை, அதுவும் நீ காங்கிரீட்டுப் போட்ட ரூமுதான். உச்சி வெயிலு தெரியாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்ல."

அவர் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். வைத்த இடத்தில் அது சாய்ந்து கொட்டியது. உள்ளே இருந்து பேரைக் கூப்பிட்டார்கள். மகளும் வாரிசு என்பதால் அவளையும் வரச் சொன்னார்கள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பக்கத்து நாற்காலியில் அன்பரசன். ஓரத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற கிளார்க். அதிகாரி பேர், ஊர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "பதினோராம் ரூமுக்கு என்ன கூரைங்க போட்டிருந்தது?" என்றார்.

"ஷீட்டு மேல இருந்துச்சும்மா" என்றார் சங்கையா. கிளார்க் தட்டத் தொடங்கினான். "ஷீட்டுக்குக் கீழ காங்கிரீட்டு இருந்துச்சு. அஞ்சங்குலம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி அன்பரசனைப் பார்த்தார்.

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"நான்தான் போட்டேன். மொத்தம் ஆறு ரூமு. நாலு, ஏழு, ஒம்பது, பதினொண்ணு, பதினாலு, பதினஞ்சு. பதினொண்ணுதான் போயிருச்சு. மத்த அஞ்சும் இருக்கு. உள்ள போய் அண்ணாந்து பாத்தாலே தெரியும்."

ஏழு என்றதும் இசைவாணி தலையைத் தூக்கினாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. இதைப் போய் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று பார்த்தாள்.

"யாரு போடச் சொன்னது?"

"போடட்டுமான்னு கேட்டது நான். சரின்னதும் மேல ஷீட்ட மாட்டச் சொன்னதும் முதலாளி. நான் அத வரிக்குன்னு நெனச்சேன்."

"நீங்க ஏன் கேட்டீங்க?"

"வெக்கையா இருக்குன்னு சொன்னா."

"யாரு?"

"செத்துப்போனவ. எம் பொண்டாட்டி."

அன்பரசன் நாற்காலியில் அசைந்தார். அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சங்கையா அதே குரலில், கல் எத்தனை மண் எத்தனை என்று வீட்டுக்காரரிடம் சொல்கிற குரலில், சொல்லி முடித்தார். "ஷீட்டா இருந்தா ரெண்டு பேராவது பொழச்சிருப்பாகன்னு சார் சொன்னாரு. அது எந்த ரெண்டு பேருன்னு சார் சொல்லல. நானும் கேக்கல."

கிளார்க் அதிகாரியைப் பார்த்து, கடைசியில் சொன்னதையும் அடிக்க வேண்டுமா என்று கேட்டான். அடிக்கச் சொன்னார். அச்சடித்த தாளைப் படித்துக் காட்டினார்கள். சங்கையா கையெழுத்துப் போட்டார். எழுத்து நேராகவே இருந்தது.

வெளியே வந்தபோது முனியசாமியைக் காணவில்லை. பஸ்ஸில் இசைவாணி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். எப்போதும் அங்கேதான் உட்காருவாள். இன்றைக்கும் அதனால்தானா என்று சங்கையாவுக்குத் தெரியவில்லை. சாத்தூர் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. ஊரும் பேசவில்லை. அவர் வாயால்தான் சீசன் போயிற்று என்று குழாயடியில் பெண்கள் மகள் காதுபடச் சொன்னார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இருந்து ஆட்கள் எழுந்தார்கள். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. மகள் பேசாதது மட்டும் உறைத்தது, அதுவும் மரத்துப்போன காலில் ஊசி குத்துகிற மாதிரி, மெதுவாக.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. ஐந்து தளங்களையும் இடித்துவிட்டு ஷீட் போட்டுக் காட்டினால்தான் கம்பெனி திறக்கலாம். முனியசாமி வாசலுக்கு வெளியே நின்றே சொன்னான். "வேற கொத்தனாரு யாரும் வரமாட்டேங்கானுக. முதலாளி சொல்லச் சொன்னாக. போட்டவனே வந்து ஒடைக்கணுமாம். கூலி கெடையாது."

"சம்மட்டியும் உளியும் என்கிட்ட இருக்கு" என்றார் சங்கையா.

ஏழாம் ரூமில் தொடங்கினார். ரூமைக் காலி பண்ணி, கழுவி, சுற்றிலும் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஷீட்டைக் கழற்றி இறக்கினார். தட்டு ஓடுகளைப் பெயர்த்தார். அதற்குக் கீழே தளம் சாம்பல் நிறத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தேய்த்துவிட்ட கட்டையின் சுழிகளோடு கிடந்தது. முதல் நாள் முழுக்க அடித்தும் ஒரு ஆள் படுக்கிற அளவுதான் உடைந்தது. கம்பியை அறுக்க அரை நாள் போனது. கை கொப்புளித்து உடைந்தது. அவர் போட்டதை உடைக்க அவராலேயே முடியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஏணி ஆடியது. இசைவாணி தூக்குவாளியோடு ஏறி வந்தாள். வாளியை நிழலில் வைத்துவிட்டு, தளத்தில் விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தாள். கீழே, வேலை பார்க்கிறவள் உட்காருகிற இடத்தில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது.

"இன்னும் எத்தன நாளாகும்?" என்றாள். பதினாறு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"ஒரு ரூமுக்கு நாலு நாளாச்சும் ஆகும்."

"ஏன் அம்புட்டு?"

"நல்லா..." என்று தொடங்கினார் சங்கையா. நல்லாப் போட்டிருக்கேன் என்று சொல்ல வந்தார். சொல்ல முடியவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்தார். வெடித்த அன்றைக்கு வராத அழுகை, எரித்த அன்றைக்கு வராத அழுகை, அந்தத் தளத்தின் மேல் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போது வந்தது. முகத்தை மூடக்கூடத் தெரியவில்லை. கை இரண்டும் சும்மா கிடந்தன.

இசைவாணி பக்கத்தில் வரவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குள்ளே கோபம் இருந்தது, அது போக இன்னும் நாளாகும், போகாமலேயும் இருக்கலாம். அவர் அழுது ஓயும்வரை நின்றாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். தொட்டியில் குடத்தை முக்கும் சத்தம் கேட்டது. திரும்பவும் ஏணி ஆடியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்து, உளி படப்போகிற இடத்தில், பொறி பறக்காமல் இருக்கத் தண்ணீரை ஊற்றினாள்.

"சோத்தத் தின்னுட்டு அடிங்க" என்றாள்.